அஸ்மின் எங்கே குடியிருக்கிறான்?

அத்தியாயம் ஒன்பது

தில்லையடிச் சந்தியில் பஸ் முழுதாக நிற்பதற்கு முன்பே அஸ்மின் கீழே குதித்தான். கொழும்பிலிருந்து நான்கு மணித்தியாலம் நின்றுகொண்டே வந்திருந்தான். கால் வலித்தது. ஆனால் அவன் முகம் அப்படிக் கடுத்துப் போயிருந்ததற்குக் கால்வலி காரணமில்லை.

போன வாரம் அவனைப் புறக்கோட்டைத் துணிக்கடையின் படிக்கட்டில், கையில் ஒரு பையோடு விட்டுவிட்டு வந்தோம். இரண்டு வருடமாக அந்தக் கடையின் மேல்மாடியில், துணிக்கட்டுகளின் நடுவே பாய் விரித்துப் படுத்தவன் அவன். பக்கத்துக் கடையில் தீப்பிடித்த மறுநாளே முதலாளி மேல்மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். "பகல்ல வந்து வேலை செய். ராவைக்கு எங்கயாவது போ. எனக்கு வழக்கு கிழக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த 'எங்கயாவது' எங்கே இருக்கிறது என்று தேடியே நான்கு நாள் போய்விட்டது. இரவு இஷாத் தொழுகை முடிந்தால் பள்ளிவாசலைப் பூட்டிவிடுவார்கள். பஸ் நிலையத்தில் கண் அயர்ந்தால் பொலிஸ்காரர் தடியால் காலைத் தட்டுவார். "கம கொஹெத?" ஊர் எது என்று கேட்பார். புத்தளம் என்பான். "அப்படியென்றால் புத்தளத்துக்குப் போய்த் தூங்கு" என்று சிங்களத்திலேயே பதில் வரும்.

ஐந்தாம் நாள்தான் அந்தக் கட்டிலைக் கண்டான்.

வத்தளைப் பக்கம் ஒரு மருந்துக் களஞ்சியம். நிரந்தர வேலை. வேலையாட்களுக்குத் தங்க இடம். இரும்புக் கட்டில், தலைமாட்டில் பூட்டோடு ஒரு சின்ன அலுமாரி. மெத்தையின் பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. அஸ்மின் அதைக் கையால் அமத்திப் பார்த்தான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உடனே கையை எடுத்துக்கொண்டான்.

ஆனால் களஞ்சியப் பொறுப்பாளர் அன்ரனிப்பிள்ளை அவனுடைய கடதாசிகளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அடையாள அட்டையில புத்தளம். வாக்காளர் பட்டியலில மன்னார். ஆள் நிக்கிறது கொழும்பில. தம்பி, நான் களஞ்சியச் சாவி குடுக்கப்போறது ஒரு ஆளுக்கு, மூண்டு ஆளுக்கில்லை. முதல்ல நீர் எந்த ஊரெண்டு முடிவெடும். விதானையிட்ட வதிவிடச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலம ஒம்பது மணிக்கு வாரும். வராட்டி அடுத்த ஆள் நிக்குது."

இன்று வியாழக்கிழமை.

*

வீட்டு வாசலில் உம்மா றைஸா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகனைக் கண்டதும் செதில் ஒட்டிய கையோடு எழும்பினாள்.

"யா அல்லாஹ், சொல்லாமக் கொள்ளாம! முகமெல்லாம் என்ன இப்பிடி? சாப்பிட்டியா?"

"ஜீ.எஸ். மிஸ்ஸப் பாத்துட்டு ஒரு மணிக்குள்ள பஸ் ஏறணும் உம்மா. என்ட நீலச் சட்டை எங்க?"

உம்மா மறுபடி குந்தி, ஏற்கெனவே கழுவிய மீனையே கழுவத் தொடங்கினாள்.

அந்த நீலச் சட்டையைப் போன பெருநாளைக்கு வாங்கியிருந்தான். கடை மேல்மாடியின் தூசியில் கெட்டுப்போகும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். நல்ல வேலை ஒன்று கிடைக்கும் நாளில் போடுவதற்கு. அந்த நாள் நாளைக்கு. அலுமாரியைத் திறந்து இரண்டு தட்டுகளையும் கிளறினான். இல்லை.

"கழுவப் போட்டது மகன்."

"எங்க?"

"கொடியில."

அஸ்மின் முற்றத்தை எட்டிப் பார்த்தான். கொடியில் உம்மாவின் இரண்டு சோமனும் ஒரு துவாயும் ஆடின.

"கொடியில இல்லையே."

"இந்தக் கொடியில இல்ல மகன்" என்றாள் உம்மா, மீனைப் பார்த்தபடியே.

அவனுக்கு விளங்கிவிட்டது. சட்டை மன்னாரில் இருக்கிறது.

மன்னார் வீட்டைப் பற்றி நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தொண்ணூறாம் ஆண்டில், பதினாறு வயதில், ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு ஒற்றைப் பையோடு இந்தக் கரைக்கு வந்தவர் வாப்பா ஜவாஹிர். ஏழு வருடத்துக்கு முன் அவருடைய சொந்த ஊரில் ஒரு மீள்குடியேற்றத் திட்டத்து வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. ஒரே ஒரு நிபந்தனை. பெயர் கொடுத்த குடும்பம் முழுவதும் அங்கேயே குடியிருக்க வேண்டும். வாசற்கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். அதில் நான்கு பெயர்: ஜவாஹிர், றைஸா, ஃபஹ்மியா, அஸ்மின்.

ஆனால் வாப்பாவின் பிழைப்பு இங்கே. எத்தாளைத் தோட்டங்களிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிகளில் மூட்டை ஏற்றுகிறார். அந்த ஊரில் அவருக்கு ஒரு நாள் வேலையும் கிடையாது. எனவே அந்த ஒழுங்கையில் இன்னும் சில குடும்பங்கள் செய்வதையே இவர்களும் செய்தார்கள். மாதத்தில் சில நாள் யாராவது போய் அடுப்பு மூட்டிப் புகை காட்டுவது, முற்றம் கூட்டுவது, கொடியில் நான்கு பேரின் உடுப்பையும் காயப்போடுவது. கணக்கெடுக்க வருபவன் முதலில் பார்ப்பது கொடியைத்தான்.

அஸ்மின் அந்த வீட்டில் ஒரு நாளும் படுத்ததில்லை. ஆனால் அவன் சட்டைகள் ஏழு வருடமாக அங்கே குடியிருக்கின்றன.

"வரட்டும் வாப்பா, கேக்கிறேன்" என்று கறுவிக்கொண்டு வெளியே போனான்.

*

விதானை என்றும் ஜீ.எஸ். என்றும் சொல்லப்படும் கிராம சேவகரின் அறைக்கு வெளியே அஸ்வெசும உதவிப்பணப் படிவங்களோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அஸ்மினின் முறை வருவதற்குள் பத்தே முக்கால் ஆகிவிட்டது.

றோசலின் மிஸ் கிளிநொச்சிப் பக்கத்துக்காரி. யுத்தத்தின்போது தாய் தகப்பனோடு இங்கே வந்து, படித்து, உத்தியோகமாகி, இப்போது வெள்ளை முடியும் வந்துவிட்டது.

"இருங்கோ தம்பி. ஜவாஹிர் அண்ணையின்ர மகன்தானே?"

விடயத்தைச் சொன்னான். அவர் தடித்த பதிவேட்டை இழுத்து, விரலால் வரிகளை இறக்கிக்கொண்டே வந்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"உங்கட பேர் வெட்டிக் கிடக்கு."

"யார் வெட்டினது?"

"நான்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தி. நீங்கள் கேட்டபடியால்."

"நான் கேக்கல்ல மிஸ்!"

றோசலின் மிஸ் எழும்பி, இரும்பு அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, ஒரு கடிதத்தைக் காட்டினார். 'நான் தற்போது மன்னாரில் நிரந்தரமாகக் குடியிருப்பதால், எனது பெயரை இப்பிரிவின் பட்டியலிலிருந்து நீக்கித் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அடியில் அவன் பெயர். அதற்கு மேலே அவன் கையெழுத்து.

அவனுடையதுதான். நீட்டி வளைத்த வால்கூட இருந்தது. ஆனால் அந்த வாலை அவன் எப்போதோ விட்டுவிட்டான். கடையில் முதல் மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்து வைத்த அன்றே முதலாளி சிரித்தார். "இதென்ன, கையெழுத்தா, பட்டமா?" அன்றோடு வாலை வெட்டியாயிற்று. இது அவனுடைய பள்ளிக்கூடக் கையெழுத்து.

காது இரண்டும் சூடேறின. வாப்பா!

"மிஸ், இது நான் வெச்சதில்ல."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"தம்பி, அதை வாயால சொன்னா எனக்குக் காது கேக்கேல்லை. எழுதித் தந்தா நான் வாசிக்க வேணும். வாசிச்சா நடவடிக்கை எடுக்க வேணும்."

"எனக்கு நாளைக்குக் காலைல சான்றிதழ் வேணும். இல்லாட்டி அந்த வேலை போச்சு. படுக்க இடம் போச்சு."

"தரலாம். நான் அங்க ஒருநாளும் குடியிருக்கேல்லை, என்ர வீடு இஞ்சதான், பேரைத் திரும்பப் பதியுங்கோ எண்டு எழுதித் தாங்கோ. அயலில உங்களை எனக்குத் தெரியும், இண்டைக்கே தருவன். ஆனா ஒரு பிரதி மன்னாருக்குப் போக வேணும். திங்கட்கிழமைத் தபாலில போகும். நாலு பேரில ஒரு பேர் பொய்யெண்டா, மற்ற மூண்டையும் கிண்டுவினம். வீடு கையை விட்டுப் போகவும் கூடும்."

"தாளத் தாங்க மிஸ். இப்பவே எழுதுறேன்."

"ஆத்திரத்தில எழுதின கடிதம் என்ர அலுமாரி நிறையக் கிடக்கு. எழுதினாக்கள் அடுத்த கிழமை வந்து திருப்பித் தாங்கோ எண்டு அழுவினம். பன்னிரண்டரைக்குத்தான் பூட்டுவன். வீட்ட போய்க் கதைச்சிட்டு வாங்கோ."

*

வீட்டு முற்றத்தில் வாப்பா ஜவாஹிர் ஒரு பெரிய சொப்பிங் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். பயணத்துக்கு வெள்ளைச் சாரம் உடுத்தித் தயாராக நின்றார்.

"மகன் வந்திரிக்கான் எண்டு உம்மா சொன்னா. நான் மன்னார் பஸ்ஸுக்குப் போறேன். சனிக்கிழமை கணக்கெடுக்க வாறாங்களாம். நல்ல நேரத்துக்கு வந்திரிக்கா, நீயும் வா. ரெண்டு நாள் தலையக் காட்டிட்டுப் போகலாம்."

அஸ்மின் பையைப் பிடுங்கி முற்றத்தில் கவிழ்த்தான்.

சாரங்கள், உம்மாவின் பழைய கவுன், ஒரு தொப்பி. அவற்றோடு அவனுடைய பத்தாம் வகுப்பு வெள்ளைச் சட்டைகள் மூன்று. ஒன்றின் பையில் மைக்கறை அப்படியே இருந்தது.

"டேய், உனக்கென்ன பைத்தியமா?" வாப்பா குனிந்து பொறுக்கினார். "நேத்து வெயில்ல காயப்போட்டு எடுத்த உடுப்படா."

"இது காணாது எண்டுதானே என்ட நீலச் சட்டையையும் கொண்டு போனீங்க?"

"போன முறை வந்தவன் கேட்டான், 'உங்கட மகன் இன்னும் பள்ளிக்கூடச் சட்டைதான் போடுறானா, வளரவே இல்லையா' எண்டு. பெரிய ஆள்ட சட்டை ஒண்டு தொங்கணும். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா?" அஸ்மினின் குரல் ஒழுங்கை முனைவரை போயிற்று. அடுத்த வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. "என்ட சட்டைக்கு வீடு இரிக்கு வாப்பா! ரெண்டு அறை, குசினி, கொடி, எல்லாம் இரிக்கு. எனக்கு இல்ல. நான் நாலு நாளா நாய் மாதிரி பஸ் ஸ்டாண்டுல குந்திட்டு இரிந்தேன், தெரியுமா உங்களுக்கு?"

உம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இதை அவன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

வாப்பாவும் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் அவர் தணிந்துபோகும் ஆள் இல்லை.

"ஏன் சொல்லல்ல? சொன்னாத்தானே தெரியும்? அந்த வீட்ட நான் எனக்கா வெச்சிரிக்கேன்? அங்க நம்மட பேர் இல்லாட்டி, நாம அங்க இரிந்ததே இல்ல எண்டு சொல்லிருவாங்கடா! நான் பொறந்த மண்ணுல எனக்கு ஒரு கதவு இரிக்கட்டும் எண்டு நெனச்சது குத்தமா?"

"அதுக்கு என்ட கையெழுத்த வெப்பீங்களா?"

"என்ன கையெழுத்து?"

"நடிக்காதீங்க! பேர வெட்டச் சொல்லிக் கடிதம் குடுத்திரிக்கீங்க. நான் பாத்துட்டுத்தான் வாறேன். நீங்க வெச்ச கையெழுத்தால எனக்கு இப்ப வேலை இல்ல, கட்டில் இல்ல, ஊரே இல்ல. சொந்த மகன்ட பேர வெட்டின வாப்பாவ நான் எங்கயும் காணல்ல!"

ஜவாஹிர் கையை ஓங்கினார். றைஸா நடுவில் பாய்ந்தாள். ஓங்கிய கை காற்றிலேயே நின்று, பிறகு மெல்ல இறங்கியது. அவர் மகனை விசித்திரமாகப் பார்த்தார்.

"நான் வெக்கல்ல" என்றார். "எனக்கு என்ட கையெழுத்தே ஒழுங்கா வராது. உன்டத எப்பிடிடா நான் வெப்பேன்?"

முற்றத்து மீன் தலைக்குப் பூனை வந்துவிட்டது; அதை விரட்டக்கூட யாரும் அசையவில்லை.

"நான் வெச்சேன்."

குசினி வாசலில் மூத்தவள், ராத்தா ஃபஹ்மியா நின்றாள். கையில் அகப்பை. அவள் குரலில் நடுக்கமே இல்லை.

"பள்ளிக்கூடப் படிவத்துக்கெல்லாம் உனக்குப் பதிலா நான்தானே வெச்சேன்? அதே கையெழுத்துத்தான். இதுக்கும் வெச்சேன்."

வாப்பா மகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உடுப்புகளைப் பைக்குள் திணித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படலையைத் திறந்தவர் திரும்பாமலே சொன்னார்: "நீங்க ஆளுக்காள் கிழிச்சுக்கொள்ளுங்க. சனிக்கிழமை அந்த வீட்டுல ஒரு மனிசன் நிக்கணும். நான் போறேன்."

அஸ்மின் குசினி வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தான்.

"ராத்தா… நீயா?"

"ஓம், நான்தான். உனக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல்ல." ஃபஹ்மியா முற்றத்துக்கு இறங்கி வந்தாள். "ரெண்டு ஊர்லயும் பேர் இரிந்தா ரெண்டையும் வெட்டுவோம் எண்டு அண்டைக்கு மன்னார்ல சொன்னாங்க. கடைசி நாள். உனக்கு ஏழு தரம் கோல் எடுத்தேன். ஏழாவது தரம் எடுத்து நீ என்ன சொன்னா? 'ராத்தா, என்ட பேர்ல என்ன வேணுமெண்டாலும் செய், என்ன விடு, முதுகில மூட்டை இரிக்கு' எண்டு சொன்னா."

சொன்னான். அது இப்போது அவனுக்கு நினைவு வந்தது. கடையின் மூன்றாம் படிக்கட்டு. முதுகில் சேலைக் கட்டு. தோளுக்கும் காதுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்த போன். யார் பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்று கவனிக்காமல் வைத்துவிட்டான்.

"அப்பவே விளக்கமாச் சொல்லிரிக்கலாமே!"

"விளக்கமா? நீ எப்ப கேட்டா? கொழும்புக்குப் போய்த் தப்பிச்சிட்டா. அந்த வீட்டுக்கு மாசா மாசம் போறது யாரு? உம்மாவும் நானும். கெணத்துல தண்ணி அள்ளி உன்ட சட்டையக் கழுவி, காய்ஞ்ச பொறகு மறுபடி நனைச்சுப் போடுறது யாரு? உடுத்தாத உடுப்ப ஏழு வருசமாக் கழுவுறேன்டா நான்!"

"அப்ப விட்டிரு! அந்த வீட்ட விட்டிரு!"

"விட மாட்டேன்." அகப்பையை நீட்டிச் சொன்னாள். "இந்த வருசம் தொடக்கம் அங்க பாலர் பள்ளியில இருவது புள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறேன். லீவு முடிஞ்சா திங்கட்கிழமை போகணும். அங்க என்ன டீச்சர் எண்டு கூப்பிடுறாங்க. இஞ்ச? நான் பொறந்தது இந்த ஒழுங்கையில. இண்டைக்கும் கடைக்குப் போனா 'அகதி ஜவாஹிர்ட மகள்' எண்டுதான் சொல்றாங்க. உனக்கு ஒரு கட்டில் வேணும், எனக்கு ஒரு வீடு வேணும். போ, போய் எழுது. ராத்தா கள்ளக் கையெழுத்து வெச்சா எண்டு என்ட பேரையும் போட்டே எழுது!"

"எழுதத்தான் போறேன்!"

"எழுது!"

உம்மா நடு முற்றத்தில் குந்தியிருந்து, "ரெண்டும் என்ட வயித்துல பொறந்ததுதானா?" என்று அழத் தொடங்கினாள். அஸ்மின் படலையை அறைந்து சாத்திவிட்டு நடந்தான்.

*

பன்னிரண்டு மணி இருபது நிமிடம். வரிசை கலைந்திருந்தது. றோசலின் மிஸ் ஒன்றும் கேட்காமல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார்.

வழியெல்லாம் மனதுக்குள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தவனுக்கு, தாளைக் கண்டதும் நான்கு வரிதான் வந்தது.

'நான் மன்னாரில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. ஓர் இரவும் அங்கே படுத்ததில்லை. எனது வீடு தில்லையடியில் உள்ளது. எனது பெயரை மீண்டும் இங்கே பதிந்து, வதிவிடச் சான்றிதழ் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

வாலில்லாத கையெழுத்தைப் போட்டான். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

றோசலின் மிஸ் இரண்டு தரம் வாசித்தார்.

"அந்தப் பழைய கடிதத்தில கையெழுத்து ஆர் வைச்சது எண்டு எழுதேல்லையே?"

"நீங்க கேக்கல்லையே மிஸ்."

"ஓம். நான் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, படிவத்தை நிரப்பி, முத்திரையை ஊதி, இரண்டு இடத்தில் அழுத்திக் குத்தினார். "வேலை கிடைக்கட்டும் தம்பி. பிரதி திங்கட்கிழமைதான் போகும். அதுக்கு முந்தி ஏதும் சொல்ல இருந்தா வந்து சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு என்ர கையில இல்லை."

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. 'மேற்படி நபர் இப்பிரிவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்.' வென்றுவிட்டான். வென்றவனுக்கு இருக்க வேண்டிய சந்தோசம் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. கோபம் அப்படியே இருந்தது. யார் மேல் என்பதுதான் குழம்பிப்போயிருந்தது.

சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஃபஹ்மியா வந்தாள். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் அபாயாவின் ஓரமெல்லாம் புழுதி. ஒரு சோற்றுப் பொதியை அவன் கையில் திணித்தாள்.

"உம்மா தந்தது. காலைல கழுவின மீன்."

வாங்கிக்கொண்டான்.

"எடுத்திட்டியா?"

"ஓம்."

"என்ட பேர் போட்டியா?"

"இல்ல."

அவள் முகத்தில் நன்றியைத் தேடினான். அங்கே அது இல்லை.

"போடாட்டி என்ன? வீடு போறது போறதுதானே." கொழும்பு பஸ் தூரத்தில் ஹோர்ன் அடித்தது. "இனி உன்ட சட்டைய நான் கழுவ மாட்டேன் தம்பி. கொழும்புல கழுவு, கடல்ல கழுவு. என்ட கை அதுல படாது."

பஸ் வந்து நின்றது. அவன் ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் ஒழுங்கைக்குள் போய்விட்டாள்.

*

சிலாபம் தாண்டிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. சோற்றுப் பொதி மடியில் சூடு ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்க அவனுக்கு மனம் வரவில்லை. சான்றிதழை எடுத்துப் பார்ப்பான், மடிப்பான், மறுபடி எடுப்பான்.

நீர்கொழும்பு. கட்டுநாயக்க. நாளைக்கு இந்த நேரம் அந்தக் கட்டிலின் பொலித்தீனைக் கிழித்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டான்.

ஜா-எலையில் பஸ் நெரிசலில் நின்றபோது போன் அடித்தது. வாப்பா. எடுக்காமல் விட்டான். மறுபடி அடித்தது. ராத்தாவை ஏழு தரம் அடிக்கவைத்த பாவம் நினைவுக்கு வந்து, மூன்றாவது தரம் எடுத்தான்.

"மகன்." வாப்பாவின் குரலில் காலைக் கோபம் இல்லை. ஏதோ ஒளிந்திருந்து பேசுபவர்போல் அமுக்கிப் பேசினார். "நான் மன்னாருக்கு வந்துட்டேன். வீட்டு முன்னுக்கு நிக்கிறேன். உன்ட நீலச் சட்டை…"

"சட்டைக் கதை வேணாம் வாப்பா. காய்ஞ்சா எடுத்து நீங்களே போடுங்க."

"அது காயல்ல மகன். ஈரமா இரிக்கு."

"என்ன?"

"கொடியில தொங்குது. தண்ணி சொட்டுது. ராத்தா வந்து போய் ரெண்டு கிழமையாச்சே? யாரோ இண்டைக்குக் கழுவிப் போட்டிரிக்காங்க. அடுப்புலயும் புகை வருது."

அஸ்மின் நிமிர்ந்து உட்கார்ந்தான். சோற்றுப் பொதி காலடியில் விழுந்தது.

"உள்ள யாரு?"

"கதவு உள்ளால பூட்டி இரிக்கு. தட்டினேன். யாருடா உள்ள எண்டு கேட்டேன்." வாப்பா மூச்சை விழுங்குவது கேட்டது. "'அஸ்மின்' எண்டு சொல்றான்."

கதவில் ஒட்டிய தாள்! அதில் நான்கு பெயர் இருக்கிறதே.

"பொடியன் ஒருத்தன். உன்ட வயசு இரிக்கும். ரோட்டு வேலைக்குக் கூட்டி வந்தவங்க விட்டுட்டுப் போயிட்டாங்களாம். போக இடமில்ல, வெளியில தள்ளாதீங்க எண்டு கதவுக்குப் பின்னால நிண்டு அழுறான்."

பொலிஸுக்குச் சொல்லுங்க என்ற வார்த்தை அஸ்மினின் தொண்டைவரை வந்தது. வந்தது அங்கேயே நின்றது. தடி தட்டிய கால் இன்னும் வலித்தது. சட்டைப் பையில் சான்றிதழ் மொரமொரத்தது: அஸ்மின் அந்த வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை என்று அவனே எழுதிக் கொடுத்து வாங்கிய சான்றிதழ். அது வாப்பாவுக்கு இன்னும் தெரியாது.

"வாப்பா, கேக்குதா? நீங்க இப்ப என்ன செய்யப்போறீங்க?"

மறுமுனையில் வாப்பாவின் குரல் இன்னும் தாழ்ந்து, கிட்டத்தட்டக் கெஞ்சலாக வந்தது.

"மகன்… சனிக்கிழமை கணக்கெடுக்க வாறாங்களே. அது வரைக்கும் இவனே அஸ்மினா இரிந்துட்டுப் போகட்டுமா?"